சிட்டையைப் பின்தொடருங்கள்: வணிக மாணவருக்குத் தகவல் முறைமை கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தப் பாடத்தை முதன்முதலாக எடுத்த ஆண்டில் நான் தகவல் முறைமையின் வரைவிலக்கணத்தோடு தொடங்கினேன். "தரவைச் சேகரித்து, பதப்படுத்தி, களஞ்சியப்படுத்தி, தீர்மானம் எடுப்பதற்காகப் பகிர்ந்தளிக்கும், ஒன்றோடொன்று தொடர்புபட்ட கூறுகளின் தொகுதி." பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். பரீட்சையில் ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் திருப்பித் தந்தார்கள். அதே பிள்ளைகளிடம் வாய்மொழிப் பரீட்சையில், "ஹார்ட்வெயார் கடையில் காசு கட்டினால் மூன்று நிறத்தில் சிட்டை கிழிக்கிறார்களே, அதில் மஞ்சள் எங்கே போகிறது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களில் ஒருத்தியின் தகப்பனே ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்.

அன்றிலிருந்து பாடத்தை நான் கணினியில் தொடங்குவதில்லை, ஒரு துண்டுக் கடதாசியில் தொடங்குகிறேன். கல்லாவில் இருப்பவருக்குப் பின்னால் களஞ்சியத்தில் நடப்பது தெரியாது. களஞ்சியத்தில் நிற்கிறவருக்குக் காசு வந்ததா என்று தெரியாது. ஒருவரை ஒருவர் காணாமல் வேலை செய்யவேண்டிய அந்த இடைவெளியைக் கடக்கத்தான் சிட்டை. அதை மாணவர் தன் கண்ணால் கண்டுவிட்டால் மென்பொருள்களின் பெயர்கள் பிறகு தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வாரச் செமஸ்டரில் இதை எப்படி நடத்துவது என்பதைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் திருகோணமலையுடையவை. வேறு ஊரில் கற்பிப்பவர்கள் தங்கள் சந்தையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன், மொழி

எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றையும் தமிழில் படித்துவிட்டு ஆங்கில மூல விரிவுரைக்குள் வந்து விழுகிறவர்கள். பாடம் அவர்களுக்குக் கடினமில்லை, சொல்தான் கடினம். "டிரான்சாக்ஷன்" என்று சொன்னால் முகம் வெறிச்சோடும். "கொடுக்கல் வாங்கல்" என்றால் தலை ஆடும். எனவே கருத்து முதலில் கடைப்பேச்சில் பிடிபடவேண்டும், பரீட்சைக்கான ஆங்கிலச் சொல் அதற்குப் பிறகு வரட்டும். வாராவாரம் பத்துச் சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். வகுப்பில் சிங்கள மாணவர்களும் இருந்தால் குழுக்களைக் கலந்தே பிரியுங்கள். ஊர்க் கடைகள் மூன்று மொழியிலும் ஓடுகின்றன, அந்தக் கலப்பு ஐந்தாம் படியில் கைகொடுக்கும்.

படி 1: கடன் கொப்பியை வாசித்தல் (முதல் இரண்டு வாரம்)

ஒவ்வொருவரும் தங்கள் ஒழுங்கைச் சில்லறைக் கடையின் கடன் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பார்த்து, பெயர்களை மாற்றி, கையால் பிரதிபண்ணி வரவேண்டும். போனில் படம் எடுக்கக் கூடாது. இது கறாரான விதி: மற்றவரின் கடன் அவருடைய சொந்த விஷயம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தனி விரிவுரையாக வைத்தால் யாரும் கேட்பதில்லை.

பக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து கடைக்காரருக்கு உடனே என்ன தெரியும்? கஷ்டப்பட்டுக் கூட்டினால் என்ன தெரியும்? எவ்வளவு முயன்றாலும் தெரியவராதது எது? கொப்பி தொலைந்தால் யாருக்கு நட்டம்?

முதல் கேள்விக்கு விடை சுலபம்: இந்த வீட்டார் எவ்வளவு தரவேண்டும். இரண்டாவது, ஊர் முழுக்க வெளியில் நிற்கும் கடன். மூன்றாவதில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். எந்தச் சாமான் கடனில் கூடப் போகிறது என்று கொப்பி சொல்லாது, ஏனென்றால் "சாமான் 1,450" என்று மட்டுமே எழுதியிருக்கும். தரவு வேறு, தகவல் வேறு என்று நான் ஒருபோதும் வாயால் சொல்வதில்லை. பதியாமல் விட்டதைப் பிறகு எந்தக் கணினியாலும் தோண்டி எடுக்க முடியாது என்பதை அந்த "சாமான்" என்ற சொல்லே சொல்லிவிடும்.

பிறகு பெயர்ப் பிரச்சினை. கொப்பியில் "சந்தி வீட்டு அக்கா" என்று இருக்கும். அந்த அக்கா வீடு மாறினால்? சந்தியில் இரண்டு அக்காமார் இருந்தால்? இங்கேதான் தேசிய அடையாள அட்டையை எடுக்கச் சொல்வேன். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாயின் அதோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த புதிய இலக்கத்தில் 12 எண்கள், ஆண்டு நான்கு இலக்கத்தில். 2000 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 2000532 என்று தொடங்கும், ஆணின் இலக்கம் 2000032 என்று. பக்கத்தில் இருப்பவரின் இலக்கத்தைப் பார்த்துப் பிறந்தநாளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பே சந்தையாகிவிடும். சத்தம் அடங்கியதும் இரண்டு கேள்வி: இலக்கத்துக்குள் வயதையும் பாலையும் மறைத்து வைத்தது நல்லதா? பத்து இடம் மட்டும் விட்டுக் கட்டிய மென்பொருள், பன்னிரண்டு இலக்கம் வந்தபோது என்ன செய்திருக்கும்? பழைய இலக்கத்தைப் புதியதாக எழுத, கடைசி எழுத்தை விட்டு, முன்னால் 19 போட்டு, நாளுக்குப் பின் ஒரு பூச்சியம் செருகவேண்டும். அதைச் செய்யாத இடத்தில் ஒரே ஆள் இரண்டு வாடிக்கையாளராகிவிடுவார். தனித்துவ அடையாளம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் கண்டதில்லை.

படி 2: ஒரு சிட்டையின் பிறப்பு முதல் இறப்பு வரை (3ஆம் வாரம் முதல் 5ஆம் வாரம் வரை)

நான்கு பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வியாபாரத்துக்குப் போய் ஒரேயொரு சிட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடக்கவேண்டும். "உங்கட கடையில் என்ன தகவல் முறைமை இருக்கு?" என்று கேட்டால் முதலாளி, "அப்படி ஒன்றும் இல்லை பிள்ளை, கணினி பழுதாகிக் கிடக்கு" என்று அனுப்பிவிடுவார். "இந்தச் சிட்டை இதுக்குப் பிறகு எங்க போகுது அண்ணை?" என்று கேட்டால் கதிரை போட்டு இருத்திச் சொல்வார்.

குழு எழுதி வரவேண்டியவை: யார் எழுதுகிறார், எத்தனை பிரதி, ஒவ்வொரு பிரதியும் யார் கையில் முடிகிறது, எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்தவர் வேலையைத் தொடமாட்டார், ஒரு பிரதி தொலைந்தால் எப்போது, யாருக்குத் தெரியவரும். கடைசிக் கேள்வியை விடவேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொல்வேன். உள்ளகக் கட்டுப்பாடு என்று கணக்காய்வில் படிப்பது அதுதான்.

போகும் இடங்களை நீங்களே முன்கூட்டிப் பேசி வையுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் இடத்துக்கு அந்த நேரம் அனுப்பி, பிள்ளைகள் வெயிலில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. கிண்ணியா நானா ஒருவர் அவர்களுக்கு நன்னாரி ஊற்றிக் கொடுத்து, பின்னேரம் முழுக்கத் தன் அரிசிக் களஞ்சியத்தைக் காட்டினார். அது என் திட்டமிடலின் வெற்றி இல்லை.

எங்கள் ஊரில் இரண்டு இடங்கள் மற்றெல்லாவற்றையும்விடப் பாடம் நிறைந்தவை.

ஒன்று, நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகள். கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. பன்னிரண்டு அறை உள்ள ஒரு விடுதியின் அறைகள் போனில் விற்கின்றன, கொழும்பு முகவர் மூலமாக விற்கின்றன, புக்கிங் டொட் கொம் போன்ற தளங்களிலும் விற்கின்றன. வரவேற்பு மேசையில் ஒரு பெரிய நாட்குறிப்பு. போனில் வந்த அறையை அதில் எழுதிவிட்டு இணையத்தில் பூட்ட மறந்தால், இரவு பத்து மணிக்கு இரண்டு குடும்பம் ஒரே திறப்புக்கு நிற்கும். உண்மை ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும், மற்ற எல்லோரும் அதைப் பார்க்கவேண்டும் என்ற தரவுத்தளத்தின் அடிப்படைக் கொள்கையை அந்த இரண்டு குடும்பமும் கற்றுக்கொடுக்கும். இந்தக் குழுவுக்கு நான் கொடுக்கும் வேலை: ஒரு நாளில் அறை 7 பற்றி எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணி வாருங்கள்.

மற்றது கொட்பே மீன்பிடித் துறைமுகம். கரையில் ஏலம் நடக்கும்போது சிட்டை என்பதே வாயில்தான் இருக்கிறது. கூவியவர் பேச்சு, படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஞாபகம், ஒரு சின்னக் கொப்பி. அதே துறையில் கட்டியிருக்கும் பலநாள் கலங்களோ வேறு உலகம். ஆழ்கடலில் கலம் எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியாகக் காட்டும் கண்காணிப்புக் கருவி, எங்கே என்ன மீன் எத்தனை கிலோ பிடித்தது என்ற பதிவேடு. ஏன் இவ்வளவு எழுத்து வேலை என்று கேட்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதிக்கு விதித்த தடை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடல் கலங்களைக் கண்காணிக்கும் ஒழுங்கு போதவில்லை என்பது காரணங்களில் ஒன்று. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. மீன் அதே மீன், கடலும் அதே கடல். அது எங்கே பிடிபட்டது என்று காட்ட முடியாததால் சந்தை பூட்டிக்கொண்டது. தகவல் முறைமை செலவுதானே என்று கேட்கும் மாணவனுக்கு இதற்குப் பிறகு நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு குழுவும் பெரிய பிரிஸ்டல் போர்ட்டில் படம் கீறவேண்டும். ஆட்கள் சதுரம், வேலை வட்டம், வைக்குமிடம் இரண்டு கோடு, போகும் வழி அம்பு. தரவுப் பாய்ச்சல் வரைபடம் என்ற பெயரைக் கீறி முடித்த பிறகு சொல்லுங்கள்.

படி 3: எரிபொருள் வரிசையை மீண்டும் நினைத்தல் (6ஆம் வாரம்)

கொடுக்கல் வாங்கல் முறைமை, முகாமைத்துவத் தகவல் முறைமை, தீர்மான ஆதரவு முறைமை, உயர்மட்ட நிறைவேற்றுநர் முறைமை என்று முக்கோணம் கீறிக் கற்பிப்பது வழக்கம். மாணவர் முக்கோணத்தை மனப்பாடம் செய்வார்கள். எல்லோரும் வியர்த்து நின்று பழகிய ஒரு முறைமையை அதற்குள் வையுங்கள்: 2022 ஜூலையில் அறிமுகமாகி 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்ட தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம்.

பம்பில் நின்ற பையன் கியூஆரை ஸ்கேன் பண்ணி லீற்றரை அடித்தான். அது கொடுக்கல் வாங்கல். அன்றிரவு நிலையத்தின் இருப்பும் விற்றதும் ஒப்பிடப்படுவது அடுத்த மட்டம். எந்த மாவட்டத்துக்கு எத்தனை பவுசர் அனுப்புவது என்பது அதற்கு மேல். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்றிருந்த அளவை எப்போது, யாருக்குக் கூட்டலாம் என்பது உச்சி. ஒரே ஸ்கேன், நான்கு மட்டத்தில் நான்கு விதமான கேள்விக்கு விடை. அதற்கு முன் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணை வைத்து நாள் ஒதுக்கினார்கள். அந்த முறையில் மேல்மட்டத்துக்கு என்ன தெரியாமல் இருந்தது என்று கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டு துணைக்கேள்வி. ஸ்மார்ட் போன் இல்லாத ஐயா என்ன செய்தார்? கியூஆரை அச்சிட்டு, லெமினேட் பண்ணி, பர்சில் வைத்திருந்தார். முறைமை என்பது கருவியைவிட அகலமானது என்று அந்த லெமினேட் அட்டை காட்டும். மற்றது, உங்கள் கியூஆரை இன்னொருவர் படம் எடுத்து வைத்திருந்தால்? இதற்கு வகுப்பில் குறைந்தது மூன்று சொந்தக் கதை வரும். நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: மாவு மூடை விளையாட்டு (7ஆம், 8ஆம் வாரம்)

முழுச் செமஸ்டரிலும் ஒரே ஒரு விரிவுரையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதை வைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்திலேயே பியர் விநியோகத்தை வைத்து உருவாக்கிய விளையாட்டு இது. சீனக்குடாவில் பிறிமா மா ஆலை குடாவின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்க, நமக்குப் பியர் எதற்கு? மாவாக மாற்றிவிட்டேன்.

நான்கு மேசையை வரிசையாகப் போடுங்கள்: பேக்கரிக்கு விற்கும் கடை, மொத்த வியாபாரி, மாவட்ட முகவர், ஆலை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று பேர். தொடக்க இருப்பு 12 மூடை. மூடைக்குப் பதிலாகத் தீக்குச்சி அல்லது புளியங்கொட்டை. கீழே இருப்பவர் மேலே உள்ளவருக்குத் துண்டுச் சீட்டில் ஓடர் எழுதி, கவிழ்த்து வைப்பார். சீட்டு ஒரு வாரம் தாமதித்துப் போகும், சரக்கு வந்துசேர இரண்டு வாரம். வழியில் முதலிலேயே வாரத்துக்கு 4 மூடை வீதம் வைத்துவிடுங்கள். மிஞ்சிய ஒவ்வொரு மூடைக்கும் வாரம் 50 ரூபா களஞ்சியச் செலவு, கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபா. பேசக் கூடாது, சைகையும் கூடாது. சீட்டு மட்டும்.

பேக்கரியின் தேவை உங்கள் கையில் உள்ள அட்டைகளில் வாரவாரியாக எழுதியிருக்கும். முதல் நான்கு வாரம் 4, ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசிவரை 8. அவ்வளவுதான். இரண்டு மணித்தியாலத்தில் இருபத்தைந்து வாரமளவு ஓட்டலாம்.

ஒன்பதாம் பத்தாம் வாரமளவில் கடைக்கு இருப்பு முடியும். பயந்து 15 கேட்பார்கள். மொத்த வியாபாரி அதைக் கண்டு 25 கேட்பார். முகவர் 40. ஆலை தலையில் கைவைக்கும். பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்து சேர, மேசை நிறையப் புளியங்கொட்டை. யாரும் ஒன்றுமே கேட்கமாட்டார்கள். முடிந்ததும் ஆலை மேசையினரைக் கூப்பிட்டு, "பேக்கரியின் தேவை எப்படி இருந்திருக்கும், கீறுங்கோ" என்று சோக்கைக் கொடுங்கள். மலையும் பள்ளமுமாகக் கீறுவார்கள். அதன் மேல் நீங்கள் உண்மையான கோட்டைக் கீறுங்கள், ஒரேயொரு படிக்கட்டு. ஒரு முறை ஒரு பையன், "சேர், அப்ப நாங்கள் சண்டை பிடிச்சது எங்களோடதானா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் அதே விளையாட்டு, அதே அட்டை, ஒரேயொரு மாற்றம்: பேக்கரியின் தேவையை ஒவ்வொரு வாரமும் வெள்ளைப் பலகையில் எல்லோரும் காண எழுதுங்கள். என் வகுப்புகளில் இரண்டாம் சுற்றின் செலவு எப்போதும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. மூடையும் கூடவில்லை, லொறியும் கூடவில்லை, கூடியது ஒரு பலகை மட்டும். நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் ஈஆர்பி (எல்லாப் பிரிவுகளையும் ஒரே தரவில் இணைக்கும் மென்பொருள்), விநியோகச் சங்கிலி மென்பொருள் எல்லாம் அந்தப் பலகையின் பெரிய வடிவங்கள் என்று சொல்லி, அந்தச் சொற்களை இப்போது கொடுங்கள். சாட்டையின் பிடியைச் சிறிதாக அசைத்தால் நுனி வீசி அடிப்பதுபோல என்பதால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர்.

படி 5: எக்செல், அழுக்குத் தரவு, அட்டவணைகள் (9ஆம் வாரம் முதல் 11ஆம் வாரம் வரை)

இப்போதுதான் கணினி அறைக்குப் போகிறோம். சுத்தமான தரவைக் கொடுத்து சூத்திரம் பழக்குவது வீண்வேலை. நானே ஒரு கடையின் 200 வரி விற்பனையைக் கற்பனையாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். அதில் கீரிச்சம்பா என்பது "கீரி சம்பா", "கீரிச் சம்பா", "கீரிசம்பா" என்றும், சிங்கள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இருக்கும். "எத்தனை வகை அரிசி விற்றது, எது கூட?" என்று கேட்டு, ஒரே பெயருள்ள வரிகளைத் தொகுத்துக் கூட்டும் பிவட் அட்டவணை போடச் சொன்னால் மூன்று வகை அரிசிக்குப் பதினொரு வகை வரும். கூடுதலாக விற்றது எதுவென்ற விடையும் பிழையாக வரும். எல்லோரும் ஒருமித்து ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று கேட்பார்கள். பொருள் இலக்கம், குறிப்பு அட்டவணை எல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலாக வரட்டும்.

தமிழ் ஆசிரியர்கள் விடக்கூடாத ஒன்று பாமினி எழுத்துரு. நம் அலுவலகங்களில் ஆண்டாண்டாகப் பாமினியில் தட்டிய பட்டியல்கள் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுதான். அகரவரிசைப்படுத்தினால் ஒழுங்கு கெடும், இன்று பொதுவாகப் பாவிக்கும் யுனிகோட் குறியீட்டில் தேடினால் கிடைக்காது. கண்ணுக்குத் தெரிவதும் களஞ்சியத்தில் இருப்பதும் வேறு வேறு என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டலாம்.

எக்செல்லுக்கும் எல்லை உண்டு என்பதற்கு இங்கிலாந்தின் கதை போதும். 2020 ஒக்டோபரில் அங்கே 15,841 கொவிட் தொற்றாளர்களின் விவரம் தேசியக் கணக்கில் சேராமல் போனது. பழைய எக்செல் கோப்பு வகை 65,536 வரிக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன, அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போகத் தாமதமானது. இதன் பிறகு வாடிக்கையாளர், பொருள், சிட்டை, சிட்டை வரி என்று நான்கு அட்டவணையாகக் கடன் கொப்பியை மாற்றி எழுதச் சொல்லுங்கள். "சிட்டை வரி" ஏன் தனியாக வேண்டும் என்று ஒருவராவது கேட்பார். முதல் வாரத்து "சாமான் 1,450" ஐ நினைவூட்டுங்கள்.

படி 6: விழுந்த கதைகள் (12ஆம், 13ஆம் வாரம்)

வெற்றிக்கதைகளை விளம்பரமே சொல்லிவிடும். ஹெர்ஷி இனிப்பு நிறுவனத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1999இல் மூன்று பெரிய மென்பொருள்களை ஒன்றாக, ஹலோவீன் வியாபாரம் தொடங்கும் வேளையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். களஞ்சியத்தில் இனிப்பு இருந்தும் சுமார் 10 கோடி டொலர் பெறுமதியான ஓடர்களைக் கொடுக்க முடியவில்லை. நம் கணக்கில், தீபாவளிக்கு முதல் கிழமை புடவைக்கடையில் புதிய பில் மெஷின் பூட்டியது போல. பழைய முறைமையிலிருந்து புதியதுக்கு மாறும் வழிகளான நேரடி மாற்றம், சமாந்தர மாற்றம், கட்டம் கட்டமான மாற்றம், முன்னோடி மாற்றம் நான்கையும் இதோடு சேர்த்து முடித்துவிடலாம்.

நேரம் கொடுக்கவேண்டிய கதை பிரித்தானியத் தபாலகத்தின் ஹொரைசன். ஃபுஜிட்சு நிறுவனத்தின் அந்தக் கணக்கு முறைமை, உபதபாலகங்களில் பணம் குறைவதாகக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை போனார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியே பெருந்தொகையான தீர்ப்புகளை நீக்கவேண்டி வந்தது.

இதை விரிவுரையாகச் சொல்லாமல் விசாரணையாக நடத்துங்கள். ஒரு மாணவி உபதபாலதிபர், ஒருவர் மென்பொருள் நிறுவனத்தின் பொறியியலாளர், மூவர் நீதிபதிகள். "திரை 20,000 குறைவு என்கிறது, நான் எடுக்கவில்லை என்கிறார் இவர். எதை நம்புவீர்கள், ஏன், எந்தக் கடதாசியைக் கேட்பீர்கள்?" இரண்டாம் படியில் சிட்டையின் பிரதிகளை எண்ணிப் பழகியவர்கள் இங்கே நன்றாக வாதாடுவார்கள். மற்றவர்கள் "கம்பியூட்டர் பிழை விடாது" என்பார்கள். அதைச் சொன்னவர்களிடம் கோபிக்க வேண்டாம், ஒரு நாட்டின் நீதிமன்றங்களே பல ஆண்டு அப்படித்தான் நம்பின.

படி 7: ஒப்படையும் புள்ளியும் (14ஆம், 15ஆம் வாரம்)

இரண்டாம் படியில் போன அதே வியாபாரத்துக்கு ஒரு முன்மொழிவு. அறிக்கை ஆங்கிலத்தில், எட்டுப் பக்கத்துக்கு மேற்படாமல். வாய்மொழி விளக்கம் எந்த மொழியிலும். மொழிக்குப் பயந்து வாயடைத்திருந்த பிள்ளைகள் அந்த ஒரு சலுகையில் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

முன்மொழிவில் மூன்று தெரிவு இருக்கவேண்டும், அதில் ஒன்று கட்டாயம் கணினி இல்லாதது. கடைக்குப் புதிய மென்பொருள் தேவையில்லை, சிட்டைக்கு வரிசை இலக்கம் அடித்தால் போதும் என்று ஒரு குழு எழுதி வந்தது. அந்த ஆண்டின் அதிகூடிய புள்ளி அவர்களுக்குத்தான் போட்டேன். செலவுக் கணக்கில் மென்பொருளின் விலையோடு, ஆட்களுக்குப் பழக்கும் நாட்கள், பழைய தரவை ஏற்றும் கூலி, இணையக் கட்டணம், பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும் செலவு எல்லாம் வரவேண்டும். கடைசியாக ஒரு பக்கம்: மின்சாரம் மூன்று மணித்தியாலம் நின்றால் இந்தக் கடை எப்படி விற்கும்? இந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் நான் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

என் புள்ளிப் பங்கீடு: சிட்டை வரைபடம் 25, அட்டவணை வடிவமைப்பு 20, முன்மொழிவு 30, வாய்மொழி 25. எழுத்துப் பரீட்சை பல்கலைக்கழக விதிப்படி தனியாக. அதில் வரைவிலக்கணக் கேள்வி நான் வைப்பதில்லை, ஒரு சிட்டையின் படத்தை அச்சிட்டு, "இதில் இல்லாத, ஆனால் முகாமையாளருக்குத் தேவையான மூன்று விவரம் எவை?" என்று கேட்கிறேன். திருத்த நேரம் எடுக்கும். போன வருடத்து விடைத்தாளைப் பார்த்து எழுத முடியாது என்பது அதன் வசதி.

புள்ளி போடுமுன் வரைபடத்தின் ஒரு பிரதியைக் கடைக்காரரிடம் மாணவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். முதல் காரணம் மரியாதை, அவர் நேரம் தந்தவர். மற்றது, பிழையை அவர்தான் கண்டுபிடிப்பார். ஒரு ஹார்ட்வெயார் முதலாளி அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, சிவப்புப் பேனையால் ஒரு அம்பை வெட்டி வேறு பக்கம் திருப்பியிருந்தார். மஞ்சள் சிட்டை கணக்குப்பிள்ளையிடம் போவதாகப் பிள்ளைகள் கீறியிருந்தார்கள். அது லொறி சாரதியிடம் போய், வாங்கியவரின் கையெழுத்தோடு திரும்பி வந்த பிறகே கணக்குப்பிள்ளையிடம் போகுமாம். அந்தத் திருத்தத்தைப் போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு புதிய அணிக்கும் முதல் நாள் நான் கொடுக்கும் கடதாசி அதுதான்.